தமிழருக்கு இரண வைத்தியம் தந்த டாக்டர் கிறீன்



பரிசளிப்பு விழா மலர் என்றால் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அதில் இருந்தே ஆகவேண்டும். காந்தியடிகள், பாரதியார், வள்ளலார், ஆபிரகாம் லிங்கன் எல்லாரும் வந்து போய்விட்டார்கள். இந்த முறை ஒரு டாக்டரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழுவில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காரணத்தைச் சொன்ன பிறகு சரி என்றார்கள். அந்தக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பள்ளிப் பிள்ளை ஒருவனுக்குக் குடலிறக்கம். ஆப்பரேஷன் செய்ய நாள் குறித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. மலாயில் எழுதிய கடிதம். பையனின் தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். கடிதத்தை என்னிடம் கொண்டு வந்து, இது சின்ன ஆப்பரேஷனா, பெரிய ஆப்பரேஷனா என்று கேட்டார். நான் ஏதோ எல்லாம் தெரிந்தவன் போல, ரெண்டு விரற்கடை அளவுதான் கீறுவார்கள், சின்ன ஆப்பரேஷன்தான், பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடிதத்தின் அடியில் இருந்த ரெண்டு வரியை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. சின்ன ஆப்பரேஷன்தானே, பிள்ளை பசியோடு போகவேண்டாம் என்று தாயார் காலையில் வழியில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி கேட்டபோது பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். அன்று ஆப்பரேஷன் நடக்கவில்லை. வேறு நாள் கொடுத்தார்கள். அந்தத் தாய்க்கு ஒரு நாள் சம்பளமும் போச்சு, நிம்மதியும் போச்சு. பையன் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கியபோது என் வயிறு கலங்கியது.

ஆகவே சின்னது எது, பெரியது எது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்துக்கொண்டு போனபோது கண்ணில் பட்டவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஆப்பரேஷன் சாஸ்திரம் முழுவதையும் தமிழில் புத்தகமாக்கித் தந்தவர். அப்படி ஒரு புத்தகம் தமிழில் வந்தது எனக்கே தெரியாது. தமிழ் வாத்தியார் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது.

கிறீன் நம் இனத்தவர் அல்லர். அமெரிக்கர். மசாசுசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில், கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில், 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் பிறந்த பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிறீன் நியூயார்க் நகரத்தில் பெரிய புள்ளி. அங்கே உள்ள புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்கா உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தம்பியும் அங்கேயே இருந்திருந்தால் கைநிறையச் சம்பாதித்திருக்கலாம். 1845-இல் நியூயார்க்கில் டாக்டர் பட்டம் பெற்றவர், அமெரிக்க மிஷன் சங்கத்தின் வைத்தியராக யாழ்ப்பாணம் போகச் சம்மதித்து, 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் பாய்க்கப்பல் ஏறினார். சென்னை வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அக்டோபர் மாதம். வயது இருபத்தைந்து. தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

அவர் கப்பல் ஏறிய காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால், 1846 அக்டோபர் 16-ஆம் தேதி, அதே பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சம்பவம் நடந்தது. மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் என்ற மருந்தின் ஆவியை ஒரு நோயாளிக்கு மூச்சோடு ஏற்றினார். வாரன் என்ற பெரிய டாக்டர் அந்த நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்து எடுத்தார். நோயாளி அலறவில்லை. கூடியிருந்த டாக்டர்கள் அசந்துபோனார்கள். மயக்க மருந்து உலகத்துக்குத் தெரிய வந்தது அன்றைக்குத்தான். (ஆப்பரேஷன் அறையை ஏன் தியேட்டர் என்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் காலத்தில் அது நிஜமாகவே கொட்டகை மாதிரிதான். நடுவில் மேசை, சுற்றிலும் படிப்படியாக ஆசனங்கள், அதில் மாணவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.)

கிறீன் படித்தது அதற்கு முந்திய காலத்து வைத்தியம். அப்போது கை தேர்ந்த டாக்டர் என்றால் வேகமானவர் என்று அர்த்தம். நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒரு காலை மூன்று நிமிஷத்துக்குள் அறுத்து எடுப்பவர்களுக்குத்தான் பேர். வயிற்றைத் திறப்பது என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. கொப்புளம் கீறுவது, பல் பிடுங்குவது, கட்டி எடுப்பது, அழுகிய கைகாலை வெட்டுவது, கண் புரையை நீக்குவது, இவ்வளவுதான் கத்தி போகக்கூடிய தூரம். நோயாளி வலியை எவ்வளவு நேரம் தாங்குவான் என்பதுதான் எல்லை. மயக்க மருந்து வந்த பிறகுதான் டாக்டர் நிதானமாக, உள்ளே போய், பார்த்துச் செய்யும் ஆப்பரேஷன் பிறந்தது. இன்று நாம் பெரிய ஆப்பரேஷன் என்று சொல்வதில் முக்கால்வாசி அந்த ஈதர் போட்ட பிள்ளை.

யாழ்ப்பாணத்துக்கு மேல்நாட்டு வைத்தியர் வருவது அது முதல் தடவை அல்ல. ஜான் ஸ்கட்டர் என்பவர் 1820-லேயே பண்டத்தரிப்பில் வைத்தியசாலை நடத்தினார். நம்மில் பலர் கடன்பட்டாவது போய்வரும் வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் அவருடைய பேத்தி. ஸ்கட்டருக்குப் பின் வார்டு. வார்டு விட்ட இடத்தில் வட்டுக்கோட்டையில் வேலையைத் தொடங்கிய கிறீன், 1848-இல் பக்கத்து மானிப்பாய்க்கு மாறினார். அங்கே ஒரு மருந்தகம், ஒரு வகுப்பு. வகுப்பில் முதலில் மூன்றே மாணவர்கள்.

அந்த ஊரில் அவருக்கு முன்னால் வைத்தியம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். நம்முடைய சித்த வைத்தியத்தில் அறுவை, அக்கினி, காரம் என்று மூன்று முறைகள் சொல்லியே இருக்கிறது. ஆனால் காலப்போக்கில் கத்தி ஓரங்கட்டப்பட்டது. பனையிலிருந்து விழுந்து எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால், வயிற்றில் கட்டி வளர்ந்தால், பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால், தலைவிதி என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். கிறீன் அந்த இடத்தில்தான் நுழைந்தார். நாட்டு வைத்தியரை அவர் இழிவாகப் பேசி ஒதுக்கியவர் அல்லர். நாட்டு மருந்துகளின் குணத்தையும் தேடிப் படித்தார்.

இப்போது, நான் அந்தத் தாயாருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்கிறேன். கீறும் அளவை வைத்துச் சின்னது, பெரியது என்று முடிவு செய்யக்கூடாது. தோலும் தோலுக்கு அடியில் இருக்கும் சதையும்தான் வேலை என்றால் அது சின்ன ஆப்பரேஷன். கொப்புளத்தைக் கீறிச் சீழ் எடுப்பது, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவது, மருவை எடுப்பது, உள்ளே தங்கிவிட்ட செம்பனை முள்ளைக் கீறி எடுப்பது எல்லாம் இந்த வகை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி போடுவார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார், அன்றைக்கே வீட்டுக்கும் வந்துவிடுவார். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரிகள் இருந்த காலத்தில் நம் டிரெஸ்ஸர்மார்கள் செய்தது இதைத்தான். அதற்கு மேல் போனால் வண்டி ஏற்றிக் கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கோ கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்பிவிடுவார்கள்.

வயிறு, நெஞ்சு, மண்டை என்று உடம்பின் உள்ளறைகளில் ஒன்றைத் திறந்தாலோ, ஒரு உறுப்பையே எடுத்தாலோ, ரத்தம் அதிகம் போகும் என்றாலோ அது பெரிய ஆப்பரேஷன். முழு மயக்கம் கொடுப்பார்கள், அல்லது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். வேண்டுமென்றால் ஏற்ற ரத்தம் தயாராக வைத்திருப்பார்கள். பிறகு சில நாள் வார்டில் இருக்க வேண்டும். இந்த ரெண்டுக்கும் நடுவில் சரியாக எங்கே கோடு கிழிப்பது என்றால் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கணக்கு கிடையாது. சில இடங்களில் சின்னது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று நாலாகக்கூடப் பிரிக்கிறார்கள். பிள்ளைகளின் குடலிறக்க ஆப்பரேஷனில் கீறல் சின்னதுதான், ஆனால் முழு மயக்கம். நான் சறுக்கிய இடம் அதுதான்.

முழு மயக்கத்தில் உடம்பு தன் காவலைக் கைவிட்டுவிடுகிறது. நாம் விழித்திருக்கும்போது சாப்பாட்டுத் துணுக்கு மூச்சுக்குழலுக்குள் போனால் புரை ஏறி இருமித் தள்ளிவிடுவோம். மயக்கத்தில் அந்த இருமல் வராது. வயிற்றில் உள்ள சோறோ ரொட்டியோ மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் ஆறு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடக்கூடாது என்கிறார்கள். வயிறு காலியாக இருப்பது நோயாளியின் உயிருக்குப் பூட்டு மாதிரி. கீறல் ரெண்டு விரற்கடையா, ஒரு முழமா என்பது அந்தப் பூட்டுக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். குடல்வால் எடுக்கவோ பித்தப்பை எடுக்கவோ இப்போது வயிற்றில் மூன்று நாலு சின்ன ஓட்டை மட்டும் போட்டுக் குழாய் வழியாகச் செய்கிறார்கள். வெளியே பார்த்தால் பொத்தான் துளைபோல இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது பெரிய ஆப்பரேஷன்தான். தாத்தா பாட்டிகளுக்குச் செய்யும் கண்புரை ஆப்பரேஷனில் கீறல் சில மில்லிமீட்டர்தான், காலையில் போனவர் மாலையில் வீட்டில் இருப்பார். அதைச் சின்னது என்று சொல்லலாம். பார்வை போய்விடும் என்று பயந்துகொண்டிருக்கும் பாட்டியிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று.

கிறீனிடம் திரும்புவோம். அவர் செய்த பெரிய காரியம் கத்தியால் செய்தது அல்ல என்பது என் எண்ணம்.

வகுப்பை அவர் முதலில் ஆங்கிலத்தில்தான் நடத்தினார். அந்த வகுப்புகளில் படித்துத் தேர்ந்தவர்கள் நல்ல வைத்தியர்களாக வந்தார்கள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் அரசாங்க ஏஜெண்டு டைக் துரையின் முயற்சியில் 1850-இல் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கும் அவருடைய மாணவர்கள் கை கொடுத்தார்கள். ஆனால் கிறீனுக்கு மனதில் ஒரு குறை. ஆங்கிலம் படித்த பையன், படிப்பு முடிந்ததும் வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறி, கிராமத்தை விட்டு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான். நோயாளி கிராமத்தில் கிடக்கிறான். வைத்தியன் தன் சனங்களில் ஒருவனாக, அவர்கள் உடுப்பில், அவர்கள் பாஷையில் இருக்கவேண்டும் என்பது வெள்ளைக்காரரான அவருடைய பிடிவாதம்.

பத்தாண்டு உழைத்துக் களைத்து 1857-இல் ஊர் திரும்பினார். 1862-இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து அதே ஆண்டு மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தார். 1864-இல் துணிந்து ஒரு முடிவெடுத்தார். இனி வைத்திய வகுப்பு தமிழில்தான்.

எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நம்மவர்களிடமிருந்துதான். தமிழில் டாக்டருக்குப் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்குமா? நாலு காசு பார்க்க முடியுமா? ஆங்கிலம் தெரியாத டாக்டரை எவன் மதிப்பான்? இப்படிக் கேட்டார்கள். இந்தக் கேள்விகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நடக்கும் நேரத்தில் நம் பள்ளி வாசலில் கேட்கிற அதே கேள்விகள்தானே! கேட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1870-இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி திறந்தபோது அங்கே பாடம் ஆங்கிலத்தில்தான். சம்பளமும் அந்தப் பக்கம்தான். வயிற்றுப் பிழைப்பைப் பார்க்காமல் பாஷையை மட்டும் பார் என்று ஒரு தகப்பனுக்குச் சொல்வது சுலபமல்ல. கிறீன் அதையும் அறிந்தவர்தான். அறிந்தும் பின்வாங்கவில்லை.

தமிழில் பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே! அந்த வேலையை அவர் முந்தியே தொடங்கியிருந்தார். கட்டர் என்ற அமெரிக்கர் எழுதிய உடற்கூற்று நூலை 1850-களிலேயே தமிழில் கொண்டுவந்தார். 1857-இல் பிரசவ வைத்தியம். 1867-இல் துரூயிட் என்ற ஆங்கிலேயரின் ஆப்பரேஷன் நூல், இரண வைத்தியம் என்ற பெயரில். 1872-இல் மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் வைத்தியாகரம். 1875-இல் கெமிஸ்தம், அதாவது ரசாயனம். 1883-இல் மனுஷ சுகரணம். மனுஷ அங்காதிபாதம் என்பது கிரே எழுதிய, இன்றும் உலகம் முழுவதும் டாக்டர் மாணவர்கள் படிக்கும் உடற்கூற்று நூல். லண்டனில் அது முதலில் வெளிவந்தது 1858-இல். பதினாலே ஆண்டில் தமிழுக்கு வந்துவிட்டது. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். மொழிபெயர்ப்பில் டான்போர்த் போன்ற அவருடைய தமிழ் மாணவர்களே பெரும் பங்கு எடுத்தார்கள். பெயர் வெள்ளைக்காரப் பெயராக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அது மிஷன் வைத்த பெயர், ஆள் தமிழர். ஒவ்வொரு வரியையும் கிறீன் சரிபார்த்தார்.

சொல்லுக்கு அவர் பட்ட பாடு பெரிது. முதலில் தமிழில் இருக்கிறதா என்று தேடுவது, இல்லாவிட்டால் வடமொழியில், அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைத்துக்கொள்வது. கெமிஸ்தம் என்ற சொல் அந்த மூன்றாவது வழியில் பிறந்தது. இதற்காகவே சொற்பட்டியல்களையும் தொகுத்து அச்சிட்டார். அந்தச் சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. வடமொழி வாடை அதிகம் என்று குறை சொல்பவர்களும் உண்டு. குறை சொல்லலாம். ஆனால் அவர் தேடிய காலத்தில் அவருக்கு முன்னால் வெறும் தரை.

இரண வைத்தியம் என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இப்போது நாம் அறுவைச் சிகிச்சை என்கிறோம். அறுப்பது என்ற டாக்டரின் செயலை அது சொல்கிறது. யாழ்ப்பாணத்தார் சத்திர சிகிச்சை என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த இலங்கைத் தமிழர் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அது கையிலிருக்கும் ஆயுதத்தைச் சொல்கிறது. இரணம் என்றால் புண். இரண வைத்தியம் என்பது புண்ணை ஆற்றும் வைத்தியம். நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பெயர் போல எனக்குப் படுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு நமக்கு வேலை புண்ணோடுதானே.

அந்தப் புத்தகம் வந்த 1867-ஆம் ஆண்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதே ஆண்டில்தான் ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் தாம் கண்டறிந்ததை இங்கிலாந்தில் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்னால் ஆப்பரேஷன் செய்பவர்கள் கையைக் கழுவுவதில்லை. ரத்தக்கறை படிந்து விறைத்துப்போன கோட்டுதான் அனுபவத்துக்கு அடையாளம். ஒருவனை அறுத்த கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்தவனை அறுப்பார்கள். மயக்க மருந்தால் ஆப்பரேஷன் வலியில்லாமல் நடந்தது, ஆனால் நாலாம் நாள் புண் அழுகி நோயாளி செத்துப்போனான். 1865-இல் கிளாஸ்கோ நகரத்தில் பதினொரு வயதுப் பையன் ஒருவனின் கால்மேல் வண்டி ஏறி எலும்பு முறிந்து, தோலும் கிழிந்துவிட்டது. வழக்கப்படி காலை வெட்டியிருப்பார்கள். லிஸ்டர் கார்பாலிக் என்ற திராவகத்தில் நனைத்த துணியால் புண்ணைக் கட்டினார். புண் அழுகவில்லை. சுமார் ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. பையன் நடந்து வீட்டுக்குப் போனான். நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் வயது அவனுக்கு.

அந்தக் காலத்தில் சின்ன ஆப்பரேஷன் என்று ஒன்று உண்மையில் இருக்கவில்லை என்றே சொல்லவேண்டும். அழுக்குக் கத்தியால் கீறிய கொப்புளமும் ஆளைக் கொன்றது. பிரசவத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தால் தாய் பிழைப்பது அபூர்வம். இன்று நம் வகுப்பறைகளில் அப்படிப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! அது இன்றும் பெரிய ஆப்பரேஷன்தான். மருமகள் மூன்றாம் நாளே குடம் தூக்கவில்லை என்று குறைபடும் மாமியார்மார்கள் இதை ரெண்டு தடவை படிக்கவும்.

சின்னது பெரியதாக மாறுவது பழங்காலக் கதை மட்டும் அல்ல. நம் சனங்களிடையே இனிப்பு நீர் வியாதி அதிகம். இனிப்பு நீர் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகும். செம்பனை முள் குத்தினாலும் வலி தெரியாது, புண் ஆறவும் நாளாகும். இன்றைக்குக் கழுவிக் கட்டுப்போட்டால் தீர்ந்துபோகும் புண், வெற்றிலையும் மஞ்சளும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தால், முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று போகும். எனக்குத் தெரிந்த ஒரு கங்காணி ஐயா அப்படித்தான் காலை இழந்தார். முதல் வாரமே கிளினிக்கில் காட்டியிருந்தால் ரெண்டு வெள்ளியில் முடிந்திருக்கும் என்று தம் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கிறீன் 1873-இல் உடல்நலம் குன்றி யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதுவரை அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கு மேல். ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். அவர் போன பிறகு தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. எதிர்த்தவர்கள் சொன்னதுபோலவே உத்தியோகமும் சம்பளமும் ஆங்கிலத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. பிற்காலத்தில் இலங்கையிலிருந்து மலாயாவுக்கு ரயில்வே கிளார்க்குகளாகவும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்களாகவும் வந்தவர்களும் ஆங்கிலப் படிப்பின் பலத்தில் வந்தவர்களே. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தோட்டங்களிலும் அவர்கள் செய்த தொண்டை நாம் மறக்கவில்லை. கிறீன் தோற்றுவிட்டார் என்று இதை வைத்துச் சொல்பவர்கள் சொல்லட்டும். அந்தத் தாய் என் மேசைக்கு எதிரில் கடிதத்தோடு நின்றபோது, என்னிடம் ஆங்கிலமும் இருந்தது, மலாயும் இருந்தது. அவருக்குப் புரியும்படி தமிழில் சொல்லத்தான் என்னிடம் சரக்கு இல்லை.

ஊர் திரும்பிய பிறகும் கிறீன் சும்மா இருக்கவில்லை. பனி கொட்டும் வூஸ்டரில், பக்கத்தில் தமிழ் பேச ஆளில்லாத பண்ணை வீட்டில் உட்கார்ந்து, தமிழ் வைத்திய நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கடல் கடந்து போய்வர மாதக்கணக்காகும். ஊர் திரும்பிப் பத்தாண்டு கழித்துத்தான் மனுஷ சுகரணம் வெளிவந்தது என்பதை முன்னே கொடுத்த ஆண்டுகளிலிருந்தே மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மறு ஆண்டு, 1884 மே 28-ஆம் நாள், பிறந்த அதே கிறீன் ஹில்லில் கண்ணை மூடினார். வயது அறுபத்தொன்று.

மானிப்பாயில் அவர் பெயரால் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி இருக்கிறது. அவர் பிறந்த பண்ணையைக் குடும்பத்தார் 1905-இல் வூஸ்டர் நகரத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது பொதுப்பூங்கா. பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அந்த ஊர்க் கல்லறையில் அவர் தலைமாட்டுக் கல்லில், அவர் உயிரோடு இருந்தபோதே கேட்டுக்கொண்டபடி, அவர் யாருக்கு வைத்திய ஊழியம் செய்தார் என்று பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் தமிழர் என்ற நம் பெயர் இருக்கிறது.